கர்ப்பப்பை வாய்க்குத் தையல்: முதலிலேயே போடுவதா, பொறுத்துப் பார்ப்பதா?

அக்காவுக்கு முதல் குழந்தை இருபதாவது வாரத்தில் போய்விட்டது. வலி இல்லை, ரத்தப்போக்கு இல்லை. காலையில் எழுந்தபோது அடிவயிறு கனமாக இருந்தது, இடுப்பு லேசாகக் கடுத்தது, வெள்ளைப்படுதல் வழக்கத்தைவிட நீர்த்துப் பட்டது. அவ்வளவுதான். மதியம் மருத்துவமனையில் பார்த்தபோது கர்ப்பப்பை வாய் திறந்து, பனிக்குடம் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று இரவே எல்லாம் முடிந்துவிட்டது.

ஒன்றரை வருடம் கழித்து மறுபடி கர்ப்பமானபோது இரண்டு மருத்துவர்களிடம் கேட்டோம். ஒருவர், "பன்னிரண்டு வாரம் முடிஞ்சதும் தையல் போட்டுடலாம்மா, இன்னொரு தடவை ரிஸ்க் எடுக்க வேண்டாம்" என்றார். வாய் திறந்துவிடாமல் இருக்க அதைச் சுற்றிப் போட்டு இறுக்கும் தையல். இன்னொருவர், "இப்ப வேண்டாம். பதினாறு வாரத்துலேர்ந்து ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஸ்கேன்ல பார்ப்போம். வாயோட நீளம் குறைஞ்சா அப்பப் போட்டுக்கலாம்" என்றார். இருவரும் அனுபவசாலிகள், இருவரும் அவசரமில்லாமல் பேசினார்கள். ஒருவர் சொல்வது சரியென்றால் மற்றவர் சொல்வது தப்பாகத்தானே இருக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டோம். இரண்டும் சரியாக இருக்க முடியும் என்று புரிய எனக்குப் பல வாரம் ஆனது.

புரிந்ததை எழுதிவைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. முடிவு மருத்துவரோடு உட்கார்ந்து எடுக்க வேண்டியதுதான். ஆனால் எதற்காக எதைச் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போனால், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வரலாம்.

வாய்க்கு என்ன ஆகிறது

கர்ப்பப்பையின் அடியில் கழுத்து மாதிரி நீண்டிருக்கும் பகுதிதான் வாய். கர்ப்பத்தின் நடுவில் அதன் நீளம் பெரும்பாலும் 35 முதல் 40 மில்லிமீட்டர் இருக்கும். கெட்டியாக, மூடியபடி, நடுவில் சளி அடைத்துக்கொண்டு, குழந்தையையும் பனிக்குடத்தையும் தாங்கும். பிரசவ நேரம் வரும்போது அது மெதுவாக மென்மையாகி, குறுகி, திறக்கும். அந்த வேலையைச் சிலருக்கு அது நான்கு மாதம் முன்னாடியே ஆரம்பித்துவிடுகிறது. வலியே இல்லாமல்.

இப்படி ஆவதற்கு முன்பு வாயில் நடந்த சிகிச்சைகள் ஒரு காரணமாகலாம். புற்றுநோய்க்கு முந்தைய செல்களை எடுக்கக் கூம்பு மாதிரி ஒரு துண்டை வெட்டி எடுப்பது, வாய் முழுக்கத் திறந்த பிறகு செய்யும் சிசேரியன், பலமுறை செய்த கர்ப்பப்பைச் சுத்திகரிப்பு ஆகியவை அதில் வரும். பிறவியிலேயே கர்ப்பப்பையின் அமைப்பு மாறியிருப்பது, இணைப்புத் திசுவில் குறைபாடு இருப்பதும் காரணமாகலாம். பலருக்குக் காரணமே தெரியாது. அக்காவுக்கும் தெரியவில்லை. மாடிப்படி ஏறியது, பேருந்தில் போனது, தண்ணீர்க்குடம் தூக்கியது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அதற்கெல்லாம் ஆதாரம் கிடையாது.

நீளத்தை அளக்க, பெண்ணுறுப்பு வழியாகக் கருவியை வைத்துப் பார்க்கும் உள்வழி ஸ்கேன்தான் சரி. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் வாய் இருப்பதைவிட நீளமாகத் தெரியும். உள்வழி ஸ்கேனுக்குச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வதும் அதற்காகத்தான். கருவியை வைத்துவிட்டுச் சில நிமிடங்கள் பொறுமையாகப் பார்ப்பார்கள், ஏனென்றால் வாய் ஒரே நிலையில் நிற்பதில்லை. பல அளவுகள் எடுத்து, சரியாக எடுத்தவற்றில் குறைவானதைக் குறித்துக்கொள்வார்கள். உள்பக்க முனை திறக்க ஆரம்பித்தால் திரையில் புனல் மாதிரி ஒரு வடிவம் தெரியும். முதலில் ஆங்கில 'டி' எழுத்து மாதிரி இருப்பது 'ஒய்' ஆகி, 'வி' ஆகி, கடைசியில் 'யு' ஆகும். அக்காவின் ஸ்கேனில் 'வி' தெரிந்த அன்று, அங்கிருந்த பெண் மருத்துவர் கருவியை நகர்த்தாமல் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணைச் சொல்வதற்கு முன்பே எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

24 வாரத்துக்குள் 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் 'குறுகிய வாய்' என்கிறார்கள். சில பெண்களுக்கு அந்த அளவு இருக்கும். அவர்களில் பலர் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே மாதம் நிரம்பிப் பெற்றுக்கொள்கிறார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. அந்த எண் ஒரு எச்சரிக்கை மணி மட்டும்தான்.

ஒரே தையல், மூன்று சந்தர்ப்பங்கள்

'தையல் போடலாமா' என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்தக் கட்டத்தில் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் பலனும் மாறும், ஆபத்தும் மாறும்.

முதல் கட்டம், பழைய அனுபவத்தை மட்டும் வைத்து 12 முதல் 14 வாரத்துக்குள் போடுவது. ஸ்கேனில் வாய் நன்றாகத்தான் இருக்கும். இரண்டாவது, ஸ்கேனில் குறுகிவருவது தெரிந்து, வெளியே இன்னும் திறக்காதபோது போடுவது. மூன்றாவது, வாய் ஏற்கெனவே திறந்து பனிக்குடம் தெரியும்போது அவசரமாகப் போடுவது.

எங்களிடம் பேசிய இரு மருத்துவர்களும் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில்தான் மோதிக்கொண்டார்கள். அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலிலேயே போடுவதா, ஸ்கேனில் கவனித்துக்கொண்டு இருப்பதா

இந்தக் கேள்வியில் பெரிய மருத்துவ அமைப்புகளே ஒரே மாதிரி சொல்வதில்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரியின் வழிகாட்டியில், வலியில்லாமல் வாய் திறந்து நடு மாதங்களில் ஒரு கர்ப்பம் போயிருந்தாலே முன்கூட்டிய தையலைப் பரிசீலிக்கலாம். பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரி மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட குறைப்பிரசவங்களோ நடு மாத இழப்புகளோ இருந்தால் முன்கூட்டியே போடச் சொல்கிறது. அதற்குக் குறைவாக இருந்தால் ஸ்கேனில் கவனிப்பது. அக்காவைப் பார்த்த முதல் மருத்துவர் ஒரு புத்தகத்தைப் பின்பற்றினார், இரண்டாமவர் இன்னொரு புத்தகத்தை. அவ்வளவுதான் விஷயம்! இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் எங்களுக்கு எவ்வளவோ தூக்கம் மிச்சமாகியிருக்கும்.

பிரிட்டிஷ்காரர்கள் ஏன் மூன்று என்கிறார்கள்? 1993-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுதான் அதற்கு அடிப்படை. தையல் தேவையா இல்லையா என்று மருத்துவர்களுக்கே உறுதியில்லாத 1,292 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். தையல் போட்டவர்களில் 33 வாரத்துக்கு முன் பிரசவமானவர்கள் 13 சதவீதம், போடாதவர்களில் 17 சதவீதம். அதாவது 25 பேருக்குத் தைத்தால் ஒருவருக்குத்தான் அது உதவியிருக்கிறது. மற்ற 24 பேரில் பெரும்பாலோர் தைக்காமலே நன்றாகப் பெற்றிருப்பார்கள், சிலருக்குத் தைத்தும் நிற்கவில்லை. ஆனால் ஏற்கெனவே மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முறை இழப்போ குறைப்பிரசவமோ ஆனவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது குறைப்பிரசவம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பழைய இழப்பு இருந்தும் ஸ்கேனில் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீளம் குறைவதே இல்லை. அவர்களுக்கு அறுவைசிகிச்சை அறையின் வாசலே தெரியாமல் கர்ப்பம் முடிந்துவிடுகிறது. குறைந்தவர்களுக்கு அப்போது தைத்தால் பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது. முன்பு குறைப்பிரசவம் ஆகி, இப்போது ஒற்றைக் குழந்தையைச் சுமந்து, 24 வாரத்துக்குள் 25 மில்லிமீட்டருக்குக் கீழே குறுகிய 504 பெண்களின் விவரங்களை ஐந்து ஆய்வுகளிலிருந்து திரட்டி 2011-ல் வெளியிட்டார்கள். தைத்தவர்களில் 35 வாரத்துக்கு முன் பிரசவமானவர்கள் சுமார் 28 சதவீதம், தைக்காதவர்களில் 41. குழந்தைகளின் இறப்பும் கடுமையான பாதிப்பும்கூடக் குறைந்தன.

ஆக, காத்திருப்பதால் கதவு மூடிவிடுவதில்லை. ஒழுங்காகக் காத்திருந்தால் மட்டும். இந்த 'ஒழுங்காக' என்ற சொல்லில்தான் முடிவே இருக்கிறது என்பது என் எண்ணம். 16-வது வாரத்திலிருந்து 24 வரை, ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வாயைச் சரியாக அளக்கத் தெரிந்தவரிடம் உள்வழி ஸ்கேன். நீளம் 30-க்குக் கீழே வந்தால் வாரம் ஒருமுறை. குறைந்துவிட்டால் ஓரிரு நாளில் தையல் போட வசதி. இதில் ஒன்று இல்லாவிட்டாலும் காத்திருப்பது வெறும் நம்பிக்கையாகிவிடும். மருத்துவமனை தூரம், விடுமுறை கிடைக்காது, அளப்பவர் ஒவ்வொரு முறையும் மாறுவார் என்றால், முதலிலேயே போட்டுவிடுவோம் என்று சொல்லும் மருத்துவரைக் குறை சொல்ல முடியாது.

மனசு என்று ஒன்றும் இருக்கிறதே. சிலருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அந்தத் திரையைப் பார்ப்பதே ஆறுதல். சிலருக்கு ஒவ்வொரு ஸ்கேனுக்கு முந்தின இரவும் நரகம். அக்கா முதல் ரகம் என்று நினைத்துக் காத்திருக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தாள். அப்புறம்தான் தெரிந்தது, அவள் இரண்டாவது ரகம் என்று.

தையலா, ப்ரொஜெஸ்டிரோனா

வாய் குறுகியிருப்பது தெரிந்ததும் தையலோடு சேர்ந்து வரும் இன்னொரு பெயர் ப்ரொஜெஸ்டிரோன். கர்ப்பத்தைத் தக்கவைக்கும் ஹார்மோன். இரவில் படுக்கும் முன் பெண்ணுறுப்பில் வைத்துக்கொள்ளும் மாத்திரை, பெரும்பாலும் 200 மில்லிகிராம். 34 அல்லது 36 வாரம் வரை தினமும். 2007-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நீளம் 15 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருந்த 250 பெண்களில் இதை வைத்துக்கொண்டவர்களுக்கு 34 வாரத்துக்கு முன் பிரசவமானது 19 சதவீதம், வெற்று மாத்திரை வைத்தவர்களுக்கு 34 சதவீதம்.

இங்கே முதலில் கேட்க வேண்டியது, முன்பு இழப்போ குறைப்பிரசவமோ இருந்ததா என்பது. இல்லை, இதுதான் முதல் கர்ப்பம், அல்லது முந்தையது மாதம் நிரம்பிப் பிறந்தது, ஆனால் இப்போது ஸ்கேனில் தற்செயலாகக் குறுகியிருப்பது தெரிந்தது என்றால், தையலால் தெளிவான பலன் நிரூபிக்கப்படவில்லை. அவர்களுக்கு ப்ரொஜெஸ்டிரோன்தான் முதலில். அப்படியும் நீளம் 10 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் தையலை யோசிப்பார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 20 மில்லிமீட்டரில் தைத்தார்கள், எனக்கு மட்டும் மாத்திரையோடு அனுப்பிவிட்டார்களே என்று கோபம் வந்தால், இந்த வித்தியாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எண் ஒன்றுதான், கதை வேறு.

முன்பு இழப்பு இருந்து, இப்போதும் குறுகியிருந்தால் இரண்டுமே பலன் தரும். 2018-ல் வந்த ஒரு பகுப்பாய்வு இரண்டையும் மறைமுகமாக ஒப்பிட்டுப் பார்த்ததில் ஏறத்தாழ சமமாகவே இருந்தன. அப்படியானால் எதைத் தேர்வது? மாத்திரைக்கு மயக்கமில்லை, ஊசியில்லை, பாதியில் நிறுத்தவும் முடியும். தினமும் மறக்காமல் வைக்க வேண்டும், மெழுகு மாதிரிக் கசியும், அது பனிநீரா மாத்திரையா என்று தினமும் சந்தேகம் வரும். தையல் ஒரு நாள் வேலை, ஆனால் அறுவைசிகிச்சை. முந்தைய இழப்பு வலியில்லாமல் வாய் திறந்து நடந்திருந்தால் என் மனசு தையல் பக்கம் சாயும். வாய் பிடித்துவைக்காததுதான் பிரச்சினை என்றால் கட்டிவைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. முந்தையது வலியெடுத்து, அல்லது பனிக்குடம் உடைந்து ஆரம்பித்திருந்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

வாரம் ஒருமுறை இடுப்பில் போடும் ப்ரொஜெஸ்டிரோன் ஊசி ஒன்று பல வருடம் புழக்கத்தில் இருந்தது. பலன் நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கான அனுமதியைத் திரும்பப் பெற்றது. பழைய குறிப்புகளில் அதைப் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

வாய் திறந்த பிறகு

இது வேறு களம். 16 முதல் 24 வாரத்துக்குள், வலியெடுக்காமல், வாய் ஒன்று இரண்டு சென்டிமீட்டர் திறந்து, பனிக்குடம் குமிழ் மாதிரி தொங்கும். தைப்பதற்குத் தலைப்பக்கம் தாழ்வாக மேசையைச் சாய்த்து, பனிக்குடத்தை மெல்ல உள்ளே தள்ளிவிட்டுத் தைக்க வேண்டும். தள்ளும்போதே உடைந்துபோகக்கூடும். கிருமித்தொற்று உள்ளே ஏற்கெனவே இருந்தால், தைப்பது அதைப் பூட்டிவைப்பதாகிவிடும். அதனால் காய்ச்சல், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்து, சில இடங்களில் பனிநீரையும் எடுத்துச் சோதித்து, சில மணி நேரம் பொறுத்துப் பார்த்துத்தான் இறங்குவார்கள்.

பலன்? பல ஆய்வுகளைச் சேர்த்து 2015-ல் பார்த்தபோது, தைத்தவர்களுக்குக் கர்ப்பம் சராசரியாக ஏறக்குறைய 34 நாள் கூடுதலாக நீண்டது. பிழைத்த குழந்தைகள் 71 சதவீதம், தைக்காதவர்களில் 43 சதவீதம். இவை பெரும்பாலும் குலுக்கல் இல்லாத ஆய்வுகள் என்பதால், நிலைமை கொஞ்சம் நன்றாக இருந்தவர்களுக்கே தைத்திருக்க வாய்ப்புண்டு. அந்தப் பலனை அப்படியே நம்பிவிடக்கூடாது. இங்கே யாரும் சுலபமாகச் சொல்லாத ஒரு விஷயமும் இருக்கிறது. 20 வாரத்தில் இருந்து 34 நாள் என்றால் 25 வாரத்துக்குக் கொஞ்சம் முன்பு. குழந்தை பிழைக்கலாம், ஆனால் மிகச் சிறியதாக, பல மாதம் தீவிர சிகிச்சையில் இருந்து, நீண்டகாலப் பாதிப்போடும் இருக்கலாம். முடிவெடுக்கும் முன் குழந்தைகள் மருத்துவரிடமும் பேச வேண்டும் என்று கேளுங்கள். 'எத்தனை வாரம் வரை போகும் என்று நினைக்கிறீர்கள், அந்த வாரத்தில் பிறந்தால் என்ன ஆகும்' என்ற கேள்விக்கு எவ்வளவு நேர்மையான பதில் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது.

எந்தக் கட்டமானாலும் பிரசவ வலி ஆரம்பித்துவிட்டால், ரத்தப்போக்கு நிற்காவிட்டால், பனிக்குடம் உடைந்துவிட்டால், தொற்று இருந்தால், குழந்தை உயிரோடு இல்லாவிட்டால் தைக்க மாட்டார்கள். 24 வாரத்துக்குப் பிறகு தைப்பதும் அபூர்வம்.

மாற்று வழி மாதிரித் தோன்றுபவை

பெட் ரெஸ்ட். எல்லோரும் சொல்வது இதைத்தான், செலவில்லாதது, கெடுதல் இல்லாதது மாதிரியும் தெரியும். ஆனால் குறுகிய வாய் இருந்த 657 பெண்களின் தரவை 2013-ல் ஆராய்ந்தபோது, நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லப்பட்டவர்களில் 37 சதவீதத்தினருக்குக் குறைப்பிரசவம் ஆனது. சொல்லப்படாதவர்களில் 17 சதவீதம்தான். ஓய்வே குறைப்பிரசவத்தை உண்டாக்கியது என்று இதிலிருந்து சொல்ல முடியாது, ஆனால் உதவியது என்று நிச்சயம் சொல்ல முடியாது. படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், தசை வலுவிழக்கும், மனசும் வாடும். அக்காவை அம்மா பதினைந்து நாள் கட்டிலை விட்டு இறங்கவே விடவில்லை. மருத்துவர்தான் போன் போட்டு, "வீட்டுக்குள்ள நடக்கட்டும்மா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி மீட்டார்.

பெஸரி என்று சிலிக்கான் வளையம் ஒன்று உண்டு. வாயைச் சுற்றிப் பொருத்துவார்கள். 2012-ல் ஓர் ஆய்வு பிரமாதம் என்றது. 2023-ல் வந்த பெரிய ஆய்வில் குறைப்பிரசவம் குறையவே இல்லை, குழந்தைகளின் இறப்பு கூடுதலாகத் தெரிந்ததால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஒற்றைக் குழந்தைக்கு இதை நான் பட்டியலில் இருந்தே எடுத்துவிடுவேன்.

இரட்டைக் குழந்தைகள் என்றால் கணக்கு முழுக்க மாறுகிறது. வாய் வெறுமனே குறுகியிருக்கிறது என்பதற்காகத் தைத்தால் பலனில்லை. பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் குறைப்பிரசவம் கூடவே செய்தது. ஆனால் வாய் திறந்தேவிட்டால் தைப்பது உதவலாம் என்று 2020-ல் ஒரு சிறிய ஆய்வு காட்டியது. வெறும் 30 பேர். இரட்டைக்காரர்கள் ஒற்றைக் கர்ப்பத்துக்கு எழுதப்பட்ட எண்களைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

எந்தத் தையல்

பம்பாயின் வி.என். ஷிரோத்கர் 1955-ல் தன் முறையை வெளியிட்டார். ஆரம்பத்தில் தொடைத் தசையை மூடியிருக்கும் நார்ப்பட்டையில் ஒரு கீற்றை எடுத்து வாயைச் சுற்றிக் கட்டினார். சிறுநீர்ப்பையைக் கொஞ்சம் விலக்கி, உயரத்தில், சதைக்கு அடியில் ஓடும் தையல் அது. இரண்டு வருடம் கழித்து ஆஸ்திரேலியாவின் இயன் மெக்டொனால்ட் இன்னும் எளிய வழியைச் சொன்னார். வாயைச் சுற்றி நான்கைந்து இடத்தில் ஊசியை விட்டு வாங்கி, சுருக்குப்பையின் கயிற்றை இழுப்பது போல இறுக்கி முடிச்சுப் போடுவது. இன்று அதிகம் போடப்படுவது இந்தச் சுருக்குப்பைதான். பலனில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் காட்டப்படவில்லை, மெக்டொனால்ட் தையலை எடுப்பது சுலபம். எந்த நூல் என்று கவலைப்படவும் தேவையில்லை. பிரிட்டனில் 2,049 பெண்களை வைத்து ஒற்றை இழை நூலையும் பின்னல் நூலையும் ஒப்பிட்டு 2022-ல் வெளியிட்டார்கள். குழந்தை இழப்பு 8.0 சதவீதமும் 7.6 சதவீதமும், அதாவது வித்தியாசமில்லை.

தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது மூன்றாவது வகை. கீழ்வழியில், அதாவது பெண்ணுறுப்பு வழியாக, போட்ட தையல் ஒருமுறை தோற்றுவிட்டால், மறுபடி அதையே போடுவதா? 2020-ல் வெளியான ஓர் ஆய்வில் அப்படித் தோற்ற 111 பெண்களை மூன்றாகப் பிரித்தார்கள். வயிற்று வழியாக, வாயின் உச்சியில் தைத்தவர்களில் 32 வாரத்துக்கு முன் பிரசவமானவர்கள் 8 சதவீதம். கீழ்வழியில் உயரத்தில் தைத்தவர்களில் 38, தாழ்வாகத் தைத்தவர்களில் 33. இவ்வளவு தெளிவான வித்தியாசம் இந்தத் துறையில் அரிது. கர்ப்பத்துக்கு முன்போ ஆரம்ப மாதங்களிலோ போடுவார்கள். பிரசவம் சிசேரியன்தான், தையல் உள்ளேயே இருந்து அடுத்த கர்ப்பத்துக்கும் உதவும். ஒரு தையல் தோற்றவர்கள், அடுத்த கர்ப்பத்துக்கு முன்னாடியே இதைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும்.

போட்ட பிறகு

அக்காவுக்கு 18-வது வாரத்தில் 31 மில்லிமீட்டர் இருந்தது. 20-ல் 22. மறுநாள் காலை முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். அன்று மாலையே நடந்து கழிவறைக்குப் போனாள். மூன்று நாள் லேசான ரத்தக்கறை, மாதவிடாய் மாதிரி ஒரு இழுப்பு. அது சகஜம் என்று சொல்லியிருந்தார்கள். நீர் கசிந்தால், காய்ச்சல் வந்தால், வாடையோடு வெள்ளைப்பட்டால், வயிறு விட்டுவிட்டு இறுகினால், ரத்தம் அதிகமானால் உடனே வர வேண்டும். இதில் வலியெடுப்பதை அலட்சியப்படுத்தக்கூடாது. தையல் இருக்கும்போது பிரசவ வலி வந்தால் தையலை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் வாய் கிழிந்துவிடலாம்.

ஆபத்து என்று பார்த்தால், தைக்கும்போது பனிக்குடம் உடைவது, ரத்தப்போக்கு, தொற்று, சிறுநீர்ப்பையில் காயம். முன்கூட்டியே போடும்போது இவை குறைவு, அவசரத் தையலில் அதிகம். 13 வாரம் வரை பொறுக்கச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. ஆரம்ப மாதங்களில் இயற்கையாகக் கலைவதற்கான வாய்ப்பு அதற்குள் தாண்டிவிடும், முதல் ஸ்கேனில் குழந்தைக்குக் குறையில்லை என்றும் பார்த்துவிடலாம்.

தைத்ததும் பயம் போய்விடும் என்று நினைத்தோம். போகவில்லை. இருபத்தெட்டு வாரம் வரை அக்கா ஒவ்வொரு முறை கழிவறைக்குப் போய்விட்டு வரும்போதும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

37-வது வாரத்தில் தையலை எடுத்தார்கள். மயக்க மருந்தெல்லாம் இல்லை, சாதாரணப் பரிசோதனை மேசைதான். முடிச்சின் நுனியை வேண்டுமென்றே நீளமாக விட்டிருந்தார்கள். அதைப் பிடித்து இழுத்து, கத்தரியால் ஒரு வெட்டு. நான் வெளியே நின்றேன், அக்கா "ஆ" என்று ஒருமுறை கத்தியது கேட்டது, ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டாள். அம்மா பிரசவப் பையோடு வந்திருந்தாள், நூலை அவிழ்த்ததும் குழந்தை வந்துவிடும் என்று. பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினோம். அதற்கப்புறமும் பன்னிரண்டு நாள் அது கதவோரத்திலேயே இருந்தது.